தாளம் தப்பிய கணிப்பொறி

மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டிய அறிவியல் கட்டுரையை வீட்டுக் கணிப்பொறியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். பத்தாம் பக்கத்தை எட்டிவிட்டீர்கள். திடீரென்று திரை நீலமாகிறது. அதில் ஏதோ ஓர் எண் தோன்றுகிறது. கணிப்பொறி தானாகவே அணைந்து மீண்டும் தொடங்குகிறது. கட்டுரையின் கடைசி மூன்று பக்கங்களைக் காணோம்! நேற்று இரவு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதும் இப்படித்தான் நின்றது. முந்தாநாள் முழுவதும் ஒரு குறையும் இல்லை. "இதற்கு எப்போது கிறுக்குப் பிடிக்கும் என்றே தெரியவில்லையே!" என்று சலித்துக்கொள்கிறீர்கள்.

சென்ற மாதம் உங்கள் அண்ணன் அந்தக் கணிப்பொறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார் என்பது அப்போது நினைவுக்கு வருகிறது. தொழிற்சாலையில் குறித்துக் கொடுத்த வேகத்தைவிட அதிக வேகத்தில் கணிப்பொறியை ஓட்டுவதை ஓவர்கிளாக்கிங் என்பர். நாம் இதனை மிகைவேகம் என்று அழைப்போம். "அதனால் ஒன்றும் இல்லை, நன்றாகத்தானே ஓடுகிறது" என்கிறார் அண்ணன். அவர் சொல்வது சரியா? குற்றவாளி மிகைவேகமா, வேறு எதுவுமா? ஊகத்தால் இதற்கு விடை கூற இயலாது. சோதனைச் சாலையில் செய்வதைப் போல முறையாகச் சோதித்தே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன்னர், கணிப்பொறிக்குள் நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

பூஜ்யமாக்கத் தெரியாத கணிப்பொறி

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் நிரலாளர் ரேமண்ட் சென் என்பவர் 2005 இல் ஒரு விந்தையான செய்தியை எழுதினார். விண்டோஸ் இயங்கும் கணிப்பொறிகள் எதிர்பாராமல் நின்றுபோகும்போது, நின்ற இடத்தைப் பற்றிய அறிக்கை ஒன்றை அவை அந்நிறுவனத்துக்கு அனுப்புவது உண்டு. அவ்வாறு வந்த அறிக்கைகளில் சில நம்ப முடியாதவையாக இருந்தன. கணிப்பொறி நின்ற இடத்தில் இருந்த கட்டளை, ஓர் எண்ணைப் பூஜ்யமாக்கும் கட்டளை!

எந்த எண்ணின் இரும இலக்கங்களையும் அதே எண்ணின் இலக்கங்களோடு ஒப்பிட்டு, ஒத்திருக்கும் இடத்தில் எல்லாம் 0 எழுது என்பதே அந்தக் கட்டளை. எல்லா இடங்களும் ஒத்தே இருக்கும் அல்லவா? ஆகவே விடை எப்போதும் 0. இதில் வகுத்தல் இல்லை. நினைவகத்தைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. தவறு நேர வழியே கிடையாது. அப்படியிருந்தும் கணிப்பொறிகள் அங்கே நின்றிருந்தன.

அறிக்கை அனுப்பியவர்கள் சிலருக்கு எழுதிக் கேட்டபோது மர்மம் விளங்கியது. அவர்களுள் சிலர் தாமே மிகைவேகம் வைத்திருந்தனர். வேறு சிலருக்கோ தம் கணிப்பொறி மிகைவேகத்தில் ஓடுகிறது என்பதே தெரியாது. கடையில் விற்கும்போதே அப்படி அமைத்து விற்றிருந்தார்கள்! நிரலில் பிழை இல்லை. கட்டளையை நிறைவேற்ற வேண்டிய செயலிக்கு அதற்குரிய நேரம் கிடைக்கவில்லை.

கணிப்பொறியின் நாடித்துடிப்பு

பிராசசர் எனப்படும் செயலிக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை அனைத்தும் ஒரே தாளத்துக்கு இயங்க வேண்டும். அந்தத் தாளத்தைக் கொடுப்பது கடிகாரத் துடிப்பு. தாய்ப்பலகையில் உள்ள குவார்ட்ஸ் படிகம் ஒன்றின் அதிர்வே இதற்கு மூலம். அதிலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓர் அடிப்படைத் துடிப்பை உண்டாக்கி, செயலிக்குள் அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்வார்கள். பெருக்கெண் 42 எனில் செயலியின் வேகம் 4200 மெகாஹெர்ட்ஸ். அதாவது வினாடிக்கு 420 கோடி துடிப்புகள்.

ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள காலம் எவ்வளவு? 1 ஐ 420 கோடியால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 0.238 நானோ வினாடி வரும். ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. வினாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் பாயும் ஒளிகூட இந்த நேரத்துக்குள் 7 சென்டிமீட்டர்தான் செல்லும். உங்கள் விரல் நீளத்தைக் கடப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும்!

அண்ணன் செய்தது என்ன? பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்புத் திரைக்குள் சென்று பெருக்கெண்ணை 42 இலிருந்து 48 ஆக மாற்றினார் எனக் கொள்வோம். வேகம் 4800 மெகாஹெர்ட்ஸ் ஆயிற்று. துடிப்புகளின் இடைவெளி 0.208 நானோ வினாடியாகச் சுருங்கிவிட்டது.

வரிசையில் அமர்ந்த மாணவர்கள்

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இருபது மாணவர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பலகை. ஆசிரியர் ஒருமுறை கை தட்டியதும், ஒவ்வொருவரும் தம் பலகையில் உள்ள எண்ணோடு தமக்குரிய எண்ணைக் கூட்டி விடையை எழுத வேண்டும். அடுத்த கைதட்டலுக்குப் பலகையை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி.

ஆசிரியர் பத்து வினாடிக்கு ஒருமுறை தட்டினால் எல்லாரும் நிதானமாகச் செய்து முடிப்பர். எட்டு வினாடிக்கு ஒருமுறை தட்டினாலும் பெரும்பாலும் சரியாகவே நடக்கும். ஆனால் வரிசையில் ஒருவன் சற்று மெதுவாகக் கூட்டுபவன் என்க. அவனுக்கு 4000 உடன் 1 கூட்டும் கணக்கு வந்தால் நொடியில் முடித்துவிடுவான். 4999 உடன் 1 கூட்டும் கணக்கு வந்தாலோ மிச்சம் ஒன்று, மிச்சம் ஒன்று என்று இடத்துக்கு இடம் கொண்டுபோக நேரம் பிடிக்கும். அவன் எழுதி முடிப்பதற்குள் கைதட்டல் கேட்டுவிடும். பாதி எழுதிய விடை அடுத்தவனிடம் போகும். அதற்குப் பின் அமர்ந்திருப்பவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இறுதி விடை தவறாகவே வரும்.

செயலிக்குள் நடப்பதும் இதுதான். மின் குறிப்பு ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் கடந்து செல்ல ஒரு சிறு நேரம் பிடிக்கிறது. மிக நீண்ட வழியில் செல்லும் குறிப்பு, அடுத்த துடிப்பு வருவதற்குள் போய்ச் சேர்ந்து நிலைபெற வேண்டும். அந்த வழிக்கு 0.215 நானோ வினாடி தேவை என வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 0.238 ஆக இருந்தபோது மிச்ச நேரம் இருந்தது. 0.208 ஆகக் குறைந்த பின் குறிப்பு வந்து சேர்வதற்கு முன்பே துடிப்பு வந்துவிடுகிறது. 1 பதிவாக வேண்டிய இடத்தில் 0 பதிவாகிறது.

நிறுவனம் ஏன் இவ்வளவு மிச்ச நேரம் விட்டுவைக்கிறது என்று கேட்கலாம். ஒரே அச்சில் வார்த்த செயலிகளும் முற்றிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. சூடேறினாலும், மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும், பல ஆண்டு பழையதானாலும் பிழையின்றி ஓட வேண்டும் என்பதற்காகவே அந்த மிச்சம். 1998 இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ என்னும் செயலி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை 100 ஆக மாற்றியதும் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450 இல் ஓடியது. மிகைவேகப் பழக்கம் மாணவரிடையே பரவ இதுவும் ஒரு காரணம். ஆனால் ஒருவருடைய செயலியில் இருந்த மிச்சம் இன்னொருவருடைய செயலியில் இருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

ஏன் எப்போதாவது மட்டும்?

நேரம் போதாது என்றால் எப்போதும் அல்லவா பிழை வர வேண்டும்? சில நாள் மட்டும் வருவானேன்? இதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, கணக்கின் தன்மை. 4999 போன்ற கடினமான கணக்கு எப்போதாவதுதான் வருகிறது. நீண்ட வழியைப் பயன்படுத்தும் கட்டளை வரும் வரையில் பிழை தலைகாட்டாது.

இரண்டாவது, வெப்பநிலை. சிலிக்கன் சூடேறினால் அதனுள் எலக்ட்ரான்கள் நகர்வது கடினமாகிறது. டிரான்சிஸ்டர்கள் பொதுவாக மெதுவாகின்றன. அறையின் வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏறினால் செயலியின் வெப்பநிலையும் ஏறத்தாழ அதே 13 டிகிரி ஏறும். மார்கழி இரவில் ஓடிய கணிப்பொறி சித்திரைப் பகலில் நிற்பது இதனால்தான். விசிறியில் தூசி அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, மின்னழுத்தத்தின் சரிவு. உழைக்கும் செயலி 94 வாட் திறனை 1.35 வோல்ட்டில் எடுத்துக்கொள்கிறது எனில், அதில் பாயும் மின்னோட்டம் என்ன? 94 ஐ 1.35 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 70 ஆம்பியர்! மின்னோட்டம் செல்லும் வழியின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கே என்றாலும், ஓம் விதிப்படி 70 × 0.001 = 0.07 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். 1.35 என்று நாம் குறித்தது செயலியை அடையும்போது 1.28 ஆகிவிடும். சும்மா இருந்த செயலி திடீரென உழைக்கத் தொடங்கும் கணத்தில் இந்தச் சரிவு இன்னும் கூடும். அந்தக் கணமே ஆபத்தான கணம்.

நான்காவது, நினைவகம். ரேம் எனப்படும் நினைவகத்தில் ஒவ்வோர் இரும இலக்கமும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. அது ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகையால் பொதுவாக 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை அதனைப் படித்து மீண்டும் நிரப்பியாக வேண்டும். நினைவகத்தையும் அதன் பொதுத் தரத்துக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டும்போது படிக்கவும் எழுதவும் கிடைக்கும் நேரம் குறைகிறது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்னும் பெயரில் உள்ள அமைப்பை இயக்குவதும் ஒருவகை மிகைவேகமே என்பதைப் பலர் அறிவதில்லை. "செயலியைத் தொடவே இல்லை" என்று கூறுவோரின் கணிப்பொறி நிற்பதற்குப் பலமுறை இதுவே காரணம்.

மின்னழுத்தத்தைக் கூட்டினால்?

நம் எடுத்துக்காட்டில் வரும் மெதுவான மாணவனுக்குச் சூடாக ஒரு தேநீர் கொடுத்தால் சுறுசுறுப்பாகக் கூட்டுவான் அல்லவா? செயலிக்கு மின்னழுத்தம் அப்படிப்பட்டது. மின்னழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும். ஆகவே மிகைவேகத்தில் பிழை வந்தால் பலரும் உடனே மின்னழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. செயலி செலவிடும் மாறுதல் திறனைக் கீழ்வரும் தொடர்பு காட்டும்.

திறன் ∝ மின்னழுத்தம்² × அதிர்வெண்

வேகம் 4200 இலிருந்து 4800 ஆகிறது: 1.143 மடங்கு. மின்னழுத்தம் 1.20 இலிருந்து 1.35 ஆகிறது: 1.125 மடங்கு, அதன் வர்க்கம் 1.266. இரண்டையும் பெருக்கினால் 1.45. முன்பு 65 வாட் செலவிட்ட செயலி இப்போது 94 வாட் செலவிடும். வேகத்தில் கிடைத்த இலாபம் 14 விழுக்காடு. வெப்பத்தில் கூடியதோ 45 விழுக்காடு! வெப்பம் கூடினால் டிரான்சிஸ்டர் மெதுவாகும் என்று சற்றுமுன் கண்டோம். தேநீர் கொடுத்த மாணவனை வெயிலில் அமர்த்தியது போலாகிவிடும்.

இன்னொரு தீமையும் உண்டு. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் செயலியை நிரந்தரமாகவே தேயச் செய்யும். இன்டெல் நிறுவனத்தின் 13, 14 ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சில, மிகைவேகம் வைக்காத போதும் இடையிடையே நின்றன. சில விளையாட்டுகளில் திரை நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்பு வந்தது. உண்மையில் நினைவகம் போதுமான அளவு இருந்தது. செயலிக்குத் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சென்றதே காரணம் என்று அந்நிறுவனம் 2024 இல் அறிவித்து, அதனைத் திருத்தும் நுண்நிரலை வெளியிட்டது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்துபோன செயலிகளை அந்தத் திருத்தத்தால் குணப்படுத்த இயலவில்லை. இதிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கலாம். மின்னழுத்தத்தை விளையாட்டாகக் கூட்டக் கூடாது. திரையில் தோன்றும் பிழைச் செய்தி நோயின் அறிகுறியே. அதையே நோய் என்று எண்ணிவிடக் கூடாது.

துப்புத் துலக்குவோம்

இனி, கணிப்பொறியைச் சோதிக்கும் முறையைக் காண்போம். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

1. முதலில் முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். நோய் இன்னதென்று தெரியாத கணிப்பொறியில் ஒரே படியாக எதையும் விட்டுவைக்கக் கூடாது.

2. ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். நாள், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, செயலியின் வெப்பநிலை, நின்ற விதம் ஆகியவற்றைக் குறியுங்கள். நின்ற விதம் மிக முக்கியம். மின்சாரம் போனதுபோல் ஒரேயடியாக அணைந்தால் மின்வழங்கியை, அதாவது கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று கூறும் பெட்டியை, அல்லது மிகு வெப்பத்தை ஐயுறலாம். நீலத்திரை தோன்றினால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினாறடிமான எண் 124 என்பது வன்பொருளே பிழையைத் தெரிவித்தது என்று பொருள்படும். திரை அப்படியே உறைந்து ஹேங் ஆகிவிட்டால் அதையும் எழுதுங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் கர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டு மயங்காதீர்கள். கணிப்பொறி முறைப்படி அணைக்கப்படவில்லை என்று மட்டுமே அது கூறும். ஏன் என்று கூறாது.

3. பயாஸில் உள்ள எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். செயலியின் வேகம், மின்னழுத்தம், நினைவக வேகம் மூன்றுமே பழைய நிலைக்கு வர வேண்டும். பழைய அமைப்புகளை முன்னதாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தாவரவியல் சோதனையில் ஒரு செடிக்கு உரமிட்டு, மற்றொன்றுக்கு உரமிடாமல் வைத்து ஒப்பிடுவீர்கள் அல்லவா? அந்த உரமிடாத செடிதான் இந்தத் தொழிற்சாலை நிலை. இதில்லாமல் எந்தச் சோதனைக்கும் பொருளில்லை.

4. தொழிற்சாலை நிலையிலும் கணிப்பொறி நின்றால், இப்போதைய மிகைவேகம் காரணமில்லை என்று தெளியலாம். மின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து தூசியை அகற்றுங்கள். உள்ளே கைவைக்கும் முன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னூட்டத்தை இறக்கிவிடுங்கள். நினைவகப் பலகைகள் இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டுங்கள். பிறகு மற்றதை மட்டும் வையுங்கள். மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலை ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். அது ஒரே ஒரு பிழையைக் காட்டினாலும் நினைவகத்தை நம்பக் கூடாது. மின்வழங்கியின் 12 வோல்ட் இணைப்பு 11.4 க்கும் 12.6 க்கும் இடையில் இருக்க வேண்டும். அதனைப் பழுதுபார்ப்பவரிடம் அளக்கச் சொல்லுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் நீங்கள் ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிய பின்னரும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

5. தொழிற்சாலை நிலையில் நிற்கவில்லை எனில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். செயலியைப் பழைய வேகத்திலேயே விட்டு நினைவகத்தை மட்டும் உயர்த்திப் பாருங்கள். பிறகு நினைவகத்தை இறக்கிவிட்டுச் செயலியை மட்டும் உயர்த்திப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக உயர்த்திப் பார்ப்பது கடைசிப் படி. ஒரே நாளில் மூன்றை மாற்றினால், கணிப்பொறி திருந்தினாலும் எதனால் திருந்தியது என்று சொல்ல முடியாது.

செயலியைச் சோதிக்க ஒரு நல்ல கருவி உண்டு. ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் 1996 இல், மெர்சன் பகா எண்களைக் கண்டுபிடிக்கப் பலர் கூடி முயலும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். 2 இன் அடுக்கிலிருந்து 1 ஐக் கழித்தால் வரும் 7, 31 போன்ற பகா எண்களே மெர்சன் பகா எண்கள். அத்திட்டத்துக்காக அவர் எழுதிய பிரைம்95 என்னும் நிரலில் சித்திரவதைச் சோதனை என்று ஒரு பகுதி இருக்கிறது. முன்னரே விடை தெரிந்த கடினமான கணக்குகளைச் செயலியிடம் கொடுத்து, வரும் விடையை ஒப்பிட்டுப் பார்க்கும். விடை மாறினால் உடனே அறிவிக்கும். கணிப்பொறி நிற்காமலே தவறு செய்வதை இதனால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இதை ஓட்டும்போது வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். 95 டிகிரி செல்சியஸை நெருங்கினால் சோதனையை நிறுத்திக் குளிர்விக்கும் அமைப்பைச் சரிசெய்யுங்கள்.

எத்தனை நாள் பொறுப்பது?

தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினீர்கள். இரண்டு நாளாக நிற்கவில்லை. "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று குதிக்கலாமா? கூடாது. சற்றுக் கணக்குப் போடுவோம்.

முன்பு உங்கள் கணிப்பொறி 20 நாளில் 10 நாள் நின்றது என்று குறிப்பேடு காட்டுகிறது. அதாவது ஒரு நாள் நிற்காமல் ஓடும் வாய்ப்பு, காசைச் சுண்டினால் தலை விழும் வாய்ப்பைப் போல 1/2. நீங்கள் ஒன்றையுமே மாற்றாவிட்டாலும் இரண்டு நாள் தொடர்ந்து நிற்காமல் ஓட 1/4 வாய்ப்பு இருக்கிறது. ஐந்து நாள் தொடர்ந்து ஓட வாய்ப்பு 1/32 தான். ஆகவே ஐந்து, ஆறு நாள் பழுதின்றி ஓடினால் ஓரளவு உறுதியாக நம்பலாம்.

பத்து நாளுக்கு ஒருமுறை நிற்கும் கணிப்பொறியாக இருந்தால்? ஒரு நாள் நிற்காமல் ஓடும் வாய்ப்பு 9/10. ஐந்து நாள் ஓடுவதற்கான வாய்ப்பு 0.59. ஐந்து நாள் அமைதி அப்போது எதையும் மெய்ப்பிக்காது. முப்பது நாள் பொறுத்தால்தான் வாய்ப்பு 0.04 ஆகக் குறையும். பழுது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறதோ அதைப்போல் மூன்று மடங்கு நாளேனும் பொறுக்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழுது எவ்வளவு அரிதோ அவ்வளவு பொறுமை வேண்டும்.

நிற்காத பிழையே பெரிய பிழை

"வாரத்துக்கு ஒருமுறை நின்றால் என்ன? மறுபடி போட்டுக்கொள்ளலாமே" என்று அண்ணன் கூறக்கூடும். அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். நீலத்திரை என்பது கணிப்பொறியின் தற்காப்பு. தன் உள்ளே ஏதோ தவறு நேர்ந்ததைக் கண்டுகொண்டு, மேலும் கெடுதல் நேராதபடி தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. கண்டுகொள்ளாத தவறுகள் எத்தனையோ? அவை சத்தமின்றிக் கோப்புகளில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

யூனிக்கோடு முறையில் தமிழின் "க" என்ற எழுத்தின் குறியெண் 2965. இரும எண்ணில் இது 101110010101. இதன் கடைசி இலக்கமான 1 ஒரே ஒரு முறை 0 ஆகப் பதிவாகிவிட்டது என்க. எண் 2964 ஆகிவிடும். அது எந்த எழுத்தின் குறியெண் தெரியுமா? "ஔ". நீங்கள் "கடல்" என்று தட்டச்சு செய்தது "ஔடல்" என்று சேமிக்கப்பட்டிருக்கும்! கட்டுரையில் என்றால் கண்ணில் படும், திருத்திக்கொள்ளலாம். அதே பிழை அப்பாவின் கணக்குப் பேரேட்டில் ஓர் எண்ணில் நேர்ந்தால்? தாத்தாவின் ஒரே நிழற்படத்தின் கோப்பில் நேர்ந்தால்? திறந்து பார்க்கும் நாள் வரையில் ஒருவருக்கும் தெரியாது. கெட்டுப்போன அந்தக் கோப்பையே நல்ல கோப்பு என்றெண்ணிப் படியெடுத்தும் வைத்திருப்போம்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மூவர் ஏறத்தாழ பத்து இலட்சம் கணிப்பொறிகளின் அறிக்கைகளை ஆராய்ந்து 2011 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மிகைவேகத்தில் ஓடிய கணிப்பொறிகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பழுதாயின என்றும், வன்பொருளால் ஒருமுறை நின்ற கணிப்பொறி மறுமுறை நிற்கும் வாய்ப்புப் பன்மடங்கு அதிகம் என்றும் அவர்கள் கண்டனர். குறித்த வேகத்தைவிடச் சற்றே குறைத்து ஓட்டப்பட்ட கணிப்பொறிகளோ கூடுதல் நம்பகமாக இருந்தன. ஆகவே முதன்முறை நின்றதைத் தற்செயல் என்று தள்ளிவிடக் கூடாது.

மிகைவேகம் கூடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று அறிய விரும்புவது அறிவியல் மனப்பான்மைதான். ஆனால் எல்லையைத் தேடுபவர் அளந்து தேட வேண்டும். 4800 இல் பிழை வந்தால் 4700, 4600 என்று படிப்படியாக இறக்கி, பிழை மறையும் இடத்துக்கும் ஒரு படி கீழே நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலையும் வரப்போகும் ஆண்டுகளையும் தாங்குவதற்கு அந்த ஒரு படி மிச்சம் தேவை. ஏழு மணி நேர வேலையை ஆறே கால் மணி நேரத்தில் முடிக்கும் கணிப்பொறி, முடித்தது சரிதானா என்று நம்ப முடியாமல் மறுபடியும் செய்ய வைத்தால் அதனால் என்ன இலாபம்?

அண்ணனிடம் குறிப்பேட்டைக் காட்டுங்கள். வாதத்தைவிட அதில் உள்ள நாள்களும் எண்களும் நன்றாகப் பேசும்.

சிந்திக்க

1. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 50. இரண்டு துடிப்புகளுக்கு இடையே உள்ள காலம் என்ன? அதற்குள் ஒளி எவ்வளவு தொலைவு செல்லும்?

2. வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் 1.20 இலிருந்து 1.32 வோல்ட்டாகக் கூட்டினால், மாறுதல் திறன் எத்தனை விழுக்காடு கூடும்?

3. நான்கு நாளுக்கு ஒருமுறை நிற்கும் கணிப்பொறியில் ஒரு மாற்றம் செய்தீர்கள். குறைந்தது எத்தனை நாள் கவனிக்க வேண்டும்?

விடைகள்: 1. 0.2 நானோ வினாடி, 6 சென்டிமீட்டர். 2. 21 விழுக்காடு. 3. 12 நாள்.